ஏழு நாள் ஊசியா, ஐந்து நாள் குளிசையா?

75 வயது தாண்டியவருக்குத் தீவிர மைலோயிட் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் வந்தால், கடும் கீமோவை உடம்பு தாங்குவது அபூர்வம். அப்படிப்பட்டவர்களுக்குப் பல நாடுகளில் அசாசிடிடின் ஊசியும் வெனெட்டோகிளாக்ஸ் குளிசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஊசியை விட்டுவிட்டு, டெசிடபினும் செடாசுரிடினும் ஒன்றாக இருக்கும் குளிசையை வெனெட்டோகிளாக்ஸோடு கொடுத்துப் பார்ப்பதுதான் போட்டி வழி.

ஊசி 28 நாளுக்கு ஒருமுறை, 7 நாள். திருகோணமலைப் பக்கம் மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு அது இரவு பஸ், அங்கே ஒரு வாரம் தங்க இடம், கூடப்போகும் மகனுக்குத் தொழில் இல்லை. டெசிடபின் குளிசை 5 நாள், வீட்டிலேயே.

ஆதாரத்தில் ஊசிதான் முன்னுக்கு. 2020இல் வெளியான வியாலே-ஏ ஆய்வில் அசாசிடிடின் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 9.6 மாதம், வெனெட்டோகிளாக்ஸும் சேர்த்தபோது 14.7. டெசிடபினைத் தனியாக விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். செடாசுரிடின் அந்த நொதியைத் தடுப்பதால் நரம்பில் ஏற்றும் டெசிடபினின் அளவு இரத்தத்தில் கிடைக்கிறது; அது நன்றாகவே நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் வெனெட்டோகிளாக்ஸோடு சேர்த்துப் பார்த்த ஆய்வில் ஒப்பிட இன்னொரு குழு இல்லை. நம்பிக்கை தருகிறது, சரி. ஊசிக்குச் சமம் என்று நான் இன்னும் சொல்லமாட்டேன்.

வீட்டில் எடுப்பதும் லேசில்லை. டெசிடபின் குளிசை வெறும் வயிற்றில். முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் சாப்பாடு கூடாது. வெனெட்டோகிளாக்ஸோ சாப்பாட்டோடு. விடியவே முதலாவதைப் போட்டால் இடியப்பம் காத்திருக்க வேண்டும். காமரங்காய் வெனெட்டோகிளாக்ஸை உடம்பில் கூட்டிவிடும், அதைத் தொடவே கூடாது. சில பூஞ்சை மருந்துகளும் அப்படித்தான்; வைத்தியர் அளவைக் குறைப்பார்.

இரண்டு வழியிலும் வெள்ளணுக்கள் சரியும். இரத்தப் பரிசோதனை, இரத்தம் ஏற்றுவது எதுவும் குறையாது. காய்ச்சல் வந்தால் நடுச்சாமமென்றாலும் ஆஸ்பத்திரிதான். ஊசிக்குப் போனால் ஏழு நாளும் ஒரு தாதியின் கண் நோயாளிமேல் இருக்கும். குளிசையில் வாந்தி எடுத்ததையோ ஒருநாள் தவறியதையோ வீட்டார் சொன்னால்தான் தெரியும். அதனால் குளிசை என்றாலும் முதல் சுற்றை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் முடிப்பதே என் தெரிவு.

அசாசிடிடினுக்கும் குளிசை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் அளவும் நாட்களும் வேறு. கீமோவில் நோய் அடங்கியபின் அதைத் தக்கவைக்கவே அதற்கு அனுமதி. ஊசிக்குப் பதிலாக மாற்றிப் போடக் கூடாது.