டச்சில் 'ஆன் ஹெட்'டா, 'ஸிட்டன் டெ'யா?

'இக் பென் ஆன் ஹெட் லேஸன்', 'இக் ஸிட் டெ லேஸன்': இரண்டுக்கும் 'வாசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றே பொருள். இரண்டாவதில் உட்கார்ந்திருப்பதும் கூடவே வந்துவிடுகிறது. 'ஸிட்டன்' (உட்கார்) இடத்தில் நிற்பவருக்கு 'ஸ்டான்', படுத்திருப்பவருக்கு 'லிகன்', நடமாடுபவருக்கு 'லோபன்'. நிலை தெரியாவிட்டால் 'ஆன் ஹெட்'தான் பாதுகாப்பு. 'லோபன் டெ'யில் எரிச்சலும் தொனிக்கும்: 'ஹெய் லோப்ட் டெ ஸூரன்' என்றால் அவன் நச்சரித்துக்கொண்டே திரிகிறான்.

செயப்படுபொருள் (இங்கே 'அன் புக்', ஒரு புத்தகம்) 'ஆன் ஹெட்'டுக்கும் 'டெ'க்கும் முன்னால் வரவேண்டும்: 'இக் பென் அன் புக் ஆன் ஹெட் லேஸன்', 'இக் ஸிட் அன் புக் டெ லேஸன்'.

சறுக்கல் பெரும்பாலும் முற்றுக்காலத்தில்தான் (ஆங்கிலத்தின் perfect போன்றது). முதல் வடிவம் 'பென்... கவேஸ்ட்' எடுக்கும்: 'இக் பென் ஆன் ஹெட் லேஸன் கவேஸ்ட்'. இரண்டாவது 'ஹெப்' என்ற துணைவினையை எடுக்கும். 'டெ' பொதுவாக விழுந்துவிடும், 'ஸிட்டன்' வினையின் 'கஸேட்டன்' என்ற எச்சமும் வராது: 'இக் ஹெப் ஸிட்டன் லேஸன்'. சாதாரண இறந்தகாலத்தில் 'டெ' இருக்கும்: 'இக் ஸாட் டெ லேஸன்'.

கால அளவுக்கு 'அல்' (ஏற்கெனவே) சேர்த்து நிகழ்காலத்தையே வையுங்கள்: 'இக் ஸிட் அல் அன் யூர் டெ வாக்டன்'. ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. 'இக் ஹெப் அன் யூர் கவாக்ட்' என்றால் காத்திருப்பு முடிந்துவிட்டது. வசிப்பதற்கு இரண்டு வடிவமும் வேண்டாம். 'இக் வோன் அல் டீன் யார் இன் உட்ரெக்ட்' (பத்து வருடமாக உட்ரெக்ட் நகரில் வசிக்கிறேன்) போதும்.