ஆடாத மரத்துக்கு 9,800 ரூபாய்: கான்ட்ரா கேசட் வாங்குறவங்க கவனம்

மக்களே, கோவம் அடங்குறதுக்குள்ள எழுதிடறேன். பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு ஆப்ல ஒருத்தன் 'ஒரிஜினல் ஜப்பான் ஃபேமிகாம் கான்ட்ரா'ன்னு போட்டிருந்தான். கான்ட்ரான்னா துப்பாக்கியால சுட்டுக்கிட்டே போற பழைய வீடியோ கேம், ஃபேமிகாம்னா டிவில மாட்டி ஆடுற நின்டெண்டோவோட ஜப்பான் கேம் பொட்டி. நம்பிப் பணம் கட்டினேன், 9,800 ரூபாய் போச்சு. ஆப் பேரு வேணாம், அப்புறம் என் மேலயே கேஸ் போடுவானுங்க. போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கடைசியில விவரமாச் சொல்றேன்.

ஒரு கேசட்டுக்கு எதுக்குய்யா இவ்வளவு காசுன்னு கேப்பீங்க. 1988-ல ஜப்பான் ஃபேமிகாமுக்கும், அதோட அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கும் கான்ட்ரா வந்துச்சு. ரெண்டும் கொனாமி கம்பெனி பண்ணினதுதான், அதே எட்டு ஸ்டேஜ்தான். ஆனா ஜப்பான் கேசட்டுக்குள்ள கொனாமியோட சொந்தச் சிப்பு, விஆர்சி2, இருக்கும். அதனால முதல் ஸ்டேஜ் காட்டுல இலையெல்லாம் காத்துல ஆடும். பனி ஸ்டேஜ்ல பனி பறக்கும். ஸ்டேஜுக்கு முன்னாடி மேப் வரும், நடுநடுவுல கதை சொல்ற காட்சி வரும். அமெரிக்கக் கேசட்ல அந்தச் சிப்பு இல்ல, அதனால இது அத்தனையும் கட். ஐரோப்பாக்காரன் பாவம், அவனுக்கு 'ப்ரோபோடெக்டர்'னு பேரை மாத்தி ஆளுங்களை ரோபோவாவே ஆக்கிட்டாங்க. நான் சின்ன வயசுல டிவி கேம்ல ஆடினதுல மரம் ஆடினதே இல்ல. ஆடுறதை என் வீட்டு டிவில பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

விக்கிறவன் தேன் ஒழுகப் பேசினான். "ப்ரோ, நானும் கலெக்டர்தான். வீட்ல இடமில்ல, மனசே இல்லாமதான் குடுக்கறேன்." வீடியோ கேட்டேன், அன்னிக்கு ராத்திரியே அனுப்பிட்டான். பழைய பொட்டி டிவி, அதுல காடு, இலை இப்படியும் அப்படியும் அசையுது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஆப்லயே கட்டினா பணத்துக்குப் பாதுகாப்புன்னு பெருசா வேற போட்டிருக்கான். கட்டிட்டேன், 9,800.

பார்சல் வந்துச்சு. 60 பின் கேசட், ஃபேமிகாம்ல சரியா உக்காந்துச்சு. ஸ்டார்ட் அமுக்கினதும் மேப் வரணும். வரல. நேரா காடு. மரம் செதுக்கி வெச்ச மாதிரி நிக்குது. முதல் ஸ்டேஜ் கடைசியில வர்ற பெரிய எதிரியை முடிச்சும் பாத்தேன், கதையும் இல்ல ஒண்ணும் இல்ல, நேரா அடுத்த ஸ்டேஜ். கேசட்டைப் பிரிச்சா உள்ள தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு, நடுவுல கருப்பா உருகி வழிஞ்ச மாதிரி ஒரு பொட்டு. ஒரிஜினல்ல இருக்கிற மாதிரி எழுத்துப் போட்ட சிப்புன்னு ஒண்ணு கிடையாது. மேல லேபிள் மட்டும் பளபளன்னு புதுசு.

கேட்டா என்ன சொல்றான் தெரியுமா? "ப்ரோ, எல்இடி டிவில மரம் ஆடாது, பழைய டிவில போடுங்க." ஏன்யா, மரம் ஆடுறதுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்? திரும்பக் கேட்டேன். "கேம் ஓடுதுல்ல சார்?" அதுவரைக்கும் ப்ரோ, காசு வாங்கினதும் சார். அதோட பிளாக்.

ஆப்காரங்க அதுக்கு மேல. 'பழுதான இடத்தின் போட்டோ அனுப்பவும்'னு கேட்டாங்க. போர்டை போட்டோ எடுத்து அனுப்பினா, 'பொருள் பிரிக்கப்பட்டுள்ளதால் திரும்பப் பெற இயலாது.' பிரிக்காம போலின்னு எப்படிக் காட்டுறது? சாட்ல வந்த அம்மா, "கான்ட்ரா கேம்தானே சார் ஆர்டர் பண்ணீங்க, அதுதானே வந்திருக்கு?"ங்கறாங்க. 9,800 ரூபாய்க்கு இதுதான் பதில். புகாரை முடிச்சு, சேவை எப்படின்னு அஞ்சு ஸ்டார் வேற கேக்குறாங்க.

விவரமா எழுத இப்போ பொறுமை இல்ல, சுருக்கமா: வீடியோ கால்ல அவன் கேசட்டைக் கையில காட்டி, அதையே சொருகி ஓட்டச் சொல்லுங்க. உள்போர்டு போட்டோ இல்லாம பைசா குடுக்காதீங்க. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்திருக்கேன், நீங்களும் மாட்டியிருந்தா குடுங்க.

அந்த விளம்பரம் இன்னும் ஆப்ல இருக்கு. இப்போ 10,500 போட்டிருக்கான்.