பழைய பிக்கப்பில் பெட்ரோல் ஆவிக் கசிவு: சரிசெய்து மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2004 மாடல் பிக்கப். அமெரிக்காவின் ஒஹாயோவில் 15 வருடம் ஓடிய வண்டியை 2019இல் வாங்கினேன். குளிர்காலத்தில் அங்கே சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள், அதனால் அடிப்பாகம் முழுக்கத் துரு. நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, ஃபோர்சைத் கவுன்டியில். அட்லாண்டாவைச் சுற்றியுள்ள 13 கவுன்டிகளில் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் வருடாவருடம் எமிஷன் டெஸ்ட், அதாவது புகை மாசு சோதனை, முடித்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். கட்டணம் அதிகபட்சம் 25 டாலர்தான். புதிய மூன்று மாடல் வருடங்களுக்கும் 25 வருடமோ அதற்கு மேலோ ஆன வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. என் வண்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

2022 ஜூலையில் செக் என்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரை மாட்டினால் பி0442 என்ற கோளாறு எண், அதாவது பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்பில் சிறு கசிவு. இந்த லைட் எரிந்தால் டெஸ்டில் நேராகத் தோல்விதான். இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், புகைக்குழாயில் புகையே வராவிட்டாலும் பயனில்லை. பதிவு முடியும் நாள் இங்கே அவரவர் பிறந்தநாள். எனக்கு ஆகஸ்ட்டில் வருகிறது.

டேங்கில் உள்ள பெட்ரோல் நின்ற இடத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பாவில், கேனிஸ்டரில், போய்த் தங்கும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வரும் வாசல்தான் வென்ட் வால்வு. கம்ப்யூட்டர் அவ்வப்போது வென்ட்டை மூடி, பர்ஜைத் திறந்து டேங்கிலிருந்து கொஞ்சம் காற்றை இழுத்து, பிறகு இரண்டையும் மூடிவிட்டு, உள்ளே வெற்றழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும். நிற்காமல் குறைந்தால் கசிவு என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் ஓட்டையே பி0442 வரவழைக்கப் போதும். அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தனியாக பி0456 என்ற எண் இருக்கிறது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: பெட்ரோல் மூடியை மாற்றினேன். 11 டாலர் மூடி. ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு மூன்று நாள் ஓட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டர் தானே நடத்தும் சோதனைகளை மானிட்டர் என்பார்கள். மற்ற மானிட்டர்கள் எல்லாம் ரெடி ஆகிவிட்டன, ஆவி மானிட்டர் மட்டும் ஆகவில்லை. 2001 மாடலிலிருந்து வந்த வண்டிகளில் ஒரு மானிட்டர் முடியாமல் இருந்தாலும் டெஸ்டில் ஏற்றுக்கொள்வார்கள். அப்படித்தான் அந்த வருடம் தேறினேன். ஒன்பதாம் நாள் லைட் திரும்ப எரிந்தது.

சட்டப்படி அடுத்த ஆகஸ்ட் வரை கவலையில்லை. ஆனால் எங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது. வெயில் நாளில் வண்டியை உள்ளே விட்டால் மாலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வரும். "அப்பா, தலை வலிக்குது" என்று மகள் சொன்ன நாளிலிருந்து வண்டியை வெளியிலேயே நிறுத்தினேன். பெட்ரோல் ஆவியில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. போதாததற்கு, அட்லாண்டாவின் கோடை வெயிலில் இந்த ஆவி நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்துதான் தரைமட்ட ஓசோன் உருவாகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளை மதியத்தில் வெளியே விளையாட விட வேண்டாம் என்று எச்சரிக்கை வருவது அதனால்தான். டெஸ்டில் தேறுவது வேறு, கசிவு நிற்பது வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கடையில் 1,100 டாலர் ஆகும் என்றார்கள், எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லாமலே. அதனால் வேறொரு மெக்கானிக்கிடம் ஸ்மோக் டெஸ்ட் மட்டும் செய்துகொண்டேன், 120 டாலர். இந்த வேலை முழுவதிலும் நான் செலவழித்ததில் மிக உருப்படியான பணம் அதுதான். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதே யோசனை. எண்ணெயைச் சூடாக்கி வரும் புகையை அரை பிஎஸ்ஐ அளவு மெல்லிய அழுத்தத்தில் குழாய்களுக்குள் விடுவார்கள். இதை வீட்டில் கம்ப்ரஸர் வைத்துச் செய்யாதீர்கள். ஒரு பிஎஸ்ஐக்கு மேல் போனால் டேங்கும் வால்வுகளும் கெடும், ஆவியும் காற்றும் கலந்து தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

புகை விட்டு இரண்டு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெக்கானிக் டார்ச்சை இடது பின்சக்கரத்துக்கு மேலே காட்டினார். பெட்ரோல் ஊற்றும் குழாய் வளையும் இடத்தில், செம்மண் சேறு காய்ந்து அப்பியிருந்த ஓரத்தில், ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு நூல் எழும்பியது. சேற்றை விரலால் தட்டினார். சேற்றோடு துருவும் செதிலாக உதிர்ந்தது, புகை தடிமனானது. இரண்டாவது கசிவு டேங்கின் மேல், பெட்ரோல் பம்ப் உட்காரும் வாயில். மூன்றாவது வென்ட் வால்வில். ஸ்கேனரில் மூடச் சொன்ன பிறகும் அதன் வாயிலிருந்து புகை வந்தது. மூடியில் ஒரு குறையும் இல்லை. பர்ஜ் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், மின்சாரம் இல்லாதபோது காற்று போகவில்லை. அப்படியானால் அது நல்ல வால்வு, மாற்றத் தேவையில்லை.

பம்ப் வாயைத் தொட வேண்டுமென்றால் டேங்கை இறக்க வேண்டும், இல்லையென்றால் மேலே உள்ள பெட்டை, அதாவது சரக்கு ஏற்றும் பின்தொட்டியை, தூக்க வேண்டும். துருப்பிடித்த வண்டிக்கு பெட்டைத் தூக்குவதே மேல் என்பது என் கருத்து. டேங்க் பட்டைகளின் போல்ட்டுகள் அடியில் கிடந்து உப்பு தின்றவை, முறிந்தால் பெரிய வேலை. பெட்டுக்கு எட்டு போல்ட். துரு இளக்கும் எண்ணெயை வெள்ளி, சனி இரண்டு இரவும் அடித்து ஊறவிட்டு, ஞாயிறு காலை இம்பாக்ட் ரெஞ்ச் வைத்தேன். ஏழு வந்தன. எட்டாவதின் தலை முறிந்தது, கிரைண்டர் போடத்தான் கை போகும். டேங்க் பக்கத்தில் இருக்கும்போது தீப்பொறி கூடாது, அதனால் ஹேக்ஸா பிளேடால் 40 நிமிடம் அறுத்தேன். பின்விளக்கு வயர், எர்த் வயர், பெட்ரோல் ஊற்றும் வாயின் மூன்று ஸ்க்ரூ எல்லாம் கழற்றிய பிறகு நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். "அண்ணா, உங்க பக்கம் சாயுது, கொஞ்சம் உயர்த்துங்க" என்று சொல்லிச் சொல்லி நால்வருமாகப் பின்பக்கம் நகர்த்திப் புல்வெளியில் இறக்கினோம்.

மேலிருந்து பார்த்தபோது பம்ப் வளையத்தைச் சுற்றி ஒரு விரல் உயரம் மண். முதலில் அதை வேக்யூம் பண்ணித் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன், பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கினேன், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பூட்டு வளையத்தைப் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டித் திருப்பினேன். அதன் அடியில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் உருண்டையாக இல்லை, நசுங்கிப் பட்டையாகிக் கல் மாதிரி இறுகியிருந்தது. பள்ளத்தில் இருந்த துருவைச் சுரண்டி எடுத்துப் புது ஓ-ரிங் வைத்தேன். சிலர் மேலே சிலிகான் பூசுவார்கள். அது பெட்ரோலுக்குத் தாங்காது, வேண்டாம். பெட்ரோல் ஊற்றும் குழாயையும் வென்ட் வால்வையும் புதிதாக மாற்றினேன். குழாய் 75 டாலர், ஓ-ரிங் 14, வென்ட் வால்வு 28.

வேலை முடிந்ததும் உடனே டெஸ்டுக்கு ஓடக்கூடாது. கோளாறு எண்ணை அழித்தால் மானிட்டர்களும் அழிந்துவிடும், அவை மறுபடி ஓடி முடிய வேண்டும். ஆவி மானிட்டர்தான் இருப்பதிலேயே பிடிவாதமானது. பெரும்பாலான வண்டிகளில் டேங்க் 15 சதவீதத்துக்கு மேலும் 85க்குக் கீழும் இருக்க வேண்டும், இரவு முழுக்க நின்று இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பகல் வெயிலில் எத்தனை மைல் ஓட்டினாலும் அது ஓடாது. பாதி டேங்கோடு தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் நெடுஞ்சாலையில் என்று ஓட்டினேன். நான்காம் நாள் ரெடி காட்டியது, கோளாறு எண் எதுவும் இல்லை.

அதன் பிறகு 2023, 2024, 2025 மூன்று டெஸ்டிலும் எல்லா மானிட்டரும் முடிந்த நிலையில் தேறியிருக்கிறேன். குழாயை மாட்டும் முன் இரண்டு கோட் பெயின்ட் அடித்து வைத்தேன், இன்றுவரை துரு இல்லை. வருடம் இரண்டு முறை சக்கர வளைவுக்குள் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவிவிடுகிறேன். ஓ-ரிங் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது.

ஏமாற்றியது வென்ட் வால்வு மட்டுமே. விலை குறைவு என்று வாங்கிய அந்த 28 டாலர் வால்வு 14 மாதத்தில் பி0446 என்ற வென்ட் கோளாறு எண்ணைக் கொடுத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் பொடி. துடைத்து மாட்டியும் ஒரு மாதம்தான் தாங்கியது. பிறகு 61 டாலருக்கு அசல் பார்ட் வாங்கினேன். அதன் காற்று வாய்க்கு ஒரு ஹோஸ் போட்டு, மண் தெறிக்காத உயரத்தில், சேஸியின் மேல்பக்கமாகக் கட்டிவைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது, தொந்தரவு இல்லை. மண் சாலையில் ஓட்டுபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடலாம்.

ஒரு பழக்கத்தையும் விட்டேன். பெட்ரோல் பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகு கணக்கு முழுசாக வரட்டும் என்று இன்னும் ரெண்டு தடவை அமுக்குவேன். அப்படி அமுக்கினால் திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும்; கரி உடைந்து துகளாகிப் பர்ஜ் வால்வு வரை போய் அடைக்கும். இப்போது முதல் க்ளிக்கோடு சரி.

கேனிஸ்டர் மட்டும் இன்னும் 2004இல் வந்ததுதான். கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன், உள்ளே கரி உதிர்ந்த சத்தம் இல்லை, ஈரமும் இல்லை, அதனால் அப்படியே மாட்டிவிட்டேன். வண்டி மறுபடி கராஜுக்குள்தான் நிற்கிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் வாசனை இல்லை.