பருத்தி வாடல் நோய்: ஒத்தை ஜீனை நம்பலாமா, பல ஜீனைச் சேர்க்கணுமா?

பருத்தி வாடி நின்னா எல்லாரும் வாடல் நோய்னு ஒரே பேர்ல முடிச்சிடுறாங்க, ஆனா அதுக்குக் காரணமான மண் பூஞ்சைங்க ரெண்டு, ஃபியூசேரியம் வேற, வெர்டிசிலியம் வேற, ரெண்டையும் தாங்குற ஜீன் கணக்கும் வேற வேற. சந்தேகமா இருந்தா செடியைப் புடுங்கி ஆணிவேரை நீளவாக்குல கீறிப் பாருங்க. ஃபியூசேரியம் ரேஸ் 4னா (ரேஸ்னா அந்தப் பூஞ்சையோட உள்வகை) உள்ள கருப்பா ஒரே கோடா ஓடியிருக்கும், வெர்டிசிலியம்னா தண்டைக் குறுக்க வெட்டுனா பழுப்புப் புள்ளியா தெளிச்சு விட்ட மாதிரி இருக்கும்.

ரேஸ் 4 கலிஃபோர்னியாவோட சான் வாகீன் பள்ளத்தாக்குல 2001ல தெரிய வந்துச்சு, 2017ல டெக்சாஸ் எல் பாசோ பக்கமும் பார்த்தாங்க. மத்த ரேஸுங்க பலதுக்கு வேர்முடிச்சு நூற்புழு வேரைத் துளைச்சு வழி விடணும், இதுக்கு அந்தத் துணையே வேணாம், நாத்துலயே செடியைக் கொன்னுடும். கலிஃபோர்னியாவுல பீமாங்கிற நீள இழைப் பருத்தி இனத்துல, எஸ்-7 ரகம் சாகுற மண்ணுல எஸ்-6 ரகம் நின்னுச்சு. ரெண்டையும் கலப்பினம் செஞ்சு பார்த்தப்ப அந்த எதிர்ப்புக்கு ஒரு பெரிய ஜீன்தான் முக்கிய காரணம்னு தெரிஞ்சுது. சீனாவுல ரேஸ் 7க்கும் இதே கதைதான், டி03 குரோமோசோம்ல இருக்குற குளூட்டமேட் ரிசெப்டர் மாதிரியான ஜீன்ல ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறுனதுல செடி நோயைத் தாங்குது. இப்படி இருந்தா மார்க்கர் (அந்த ஜீன் இருக்கான்னு காட்டுற டிஎன்ஏ அடையாளம்) வச்சு நாத்துலயே பொறுக்கிடலாம், எவ்வளவு வருஷம் மிச்சம்!

வெர்டிசிலியம்ல அந்த வசதி கிடையாது. அப்லேண்ட் பருத்தில (உலகத்துல அதிகமா பயிராகுற சாதாரண இனம்) எதிர்ப்பு பல குரோமோசோம்ல சின்னச் சின்னதா சிதறிக் கிடக்குது, அதோட மண்ணு குளுந்தா நோய் ஏறும், சூடானா இறங்கும், அதனால ஒரு வருஷ நோய் மதிப்பெண்ணை வச்சு எந்த ரகத்தையும் தூக்கிப் பிடிக்காதீங்க. பீமா இனம் வெர்டிசிலியத்தை நல்லாத் தாங்கும், அதே பீமாவோட பல ரகங்கதான் ரேஸ் 4 கிட்ட மொதல்ல விழுந்துச்சு. சரி அந்த வெர்டிசிலியம் எதிர்ப்பை அப்லேண்டுக்குக் கொண்டு வரலாம்னு கலந்தா கூடவே மகசூல் குறைவும் தாமதமா காய்க்கிற குணமும் ஒட்டிக்கிட்டு வருது.

என்னைக் கேட்டா ரேஸ் 4 இருக்குற நிலத்துக்கு யோசிக்காம பெரிய ஜீன் உள்ள ரகம்தான், ஆனா அந்த ஒண்ணை மட்டும் நம்பி வருஷக்கணக்கா அதையே போட வேணாம், பூஞ்சை மாறிட்டா மொத்தமும் போயிடும், கூட ரெண்டு மூணு சின்ன ஜீனையும் அடுக்கி வைக்கணும். வெர்டிசிலியத்துக்குக் குறுக்கு வழியே இல்ல, நோய் ஏறின நிலத்துல பல வருஷம் போட்டுத் தாங்குற செடிகளைத் தலைமுறை தலைமுறையா பொறுக்கித்தான் ஆகணும், ஏன்னா அதோட கரும் வித்துக்கட்டி (பூஞ்சை உறங்குற சின்னக் கருப்பு உருண்டை) பத்து வருஷத்துக்கு மேலகூட மண்ணுல உசுரோட கிடக்கும்.