பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ: இன்னும் மைலேஜ் தருமா?

2003 முதல் 2008 வரை விற்ற சிட்டியில் (இசட்எக்ஸ் மாடலும் இதில் சேர்த்தி) 1.5 லிட்டர் ஐ-டிஎஸ்ஐ இன்ஜினுக்கு 77 குதிரைத்திறன்தான். ஓவர்டேக் செய்யப் பொறுமை வேண்டும். ஆனால் 2,700 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையும் கிடைப்பதால், கியரைச் சீக்கிரம் ஏற்றி நிதானமாக ஓட்டலாம். நல்ல நிலையில் உள்ள மேனுவல் வண்டி ஏசியோடு லிட்டருக்கு ஊருக்குள் 11–13 கிலோமீட்டர், ஹைவேயில் 80–90 வேகத்தில் 16–18 தரும். ஊருக்குள் 9-க்குக் கீழே இறங்கினால் எங்கோ கோளாறு. “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பிளக். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் எட்டு காயில். முன்பக்கத்து நாலும் சுலபம். பின்பக்கத்து நாலும் வைப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும். வைப்பர் கையையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால்தான் கை தாராளமாகப் போகும். அதனால் பல இடங்களில் முன்னால் உள்ள நாலை மட்டும் மாற்றிவிட்டு சர்வீஸ் முடிந்தது என்பார்கள். சிலிண்டரில் ஒரு பிளக் செத்தாலும் இன்னொன்று எரித்துவிடும் என்பதால் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு எரிவது) பளிச்சென்று தெரியாது. இழுவை மந்தமாகும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். கழற்றிய பழைய பிளக் எட்டையும் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின்பக்கத்து நாலு மட்டும் துருவேறி, முனை தேய்ந்திருந்தால் அவை பல வருடமாகத் தொடப்படவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது பிரேக் பிடிப்பு. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னில் கிரீஸ் காய்ந்தால் பேட் முழுதாக விலகாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு வீலுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி, இலகுவாகச் சுழல்கிறதா என்று பார்க்கலாம். இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டாலும் இன்ஜின் சூடேறாமல் பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கும். ஏர் ஃபில்டர்மேல் எல்லோரும் பழி போடுவார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் அது அடைத்தால் இழுவைதான் முக்கியமாகக் குறையும், மைலேஜ் பெரிதாக விழாது.

கணக்கெடுக்கும் முறையிலும் தப்பு நடக்கிறது. டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடும்போது, பம்ப் நாசில் தானாக நிற்கும் ஆட்டோ கட்-ஆஃப் ஒரு லிட்டர் முன்பின் ஆனால், 10 லிட்டர் சோதனையில் அது பத்து சதவீதப் பிழை. 35 லிட்டரில் மூன்றுக்குள் அடங்கும். டேங்க் 42 லிட்டர். ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே நாசிலில், முதல் கட்-ஆஃபோடு நிறுத்தி நிரப்புங்கள். 175/65 ஆர்14 டயருக்குப் பதில் 185/65 போட்டிருந்தால் ஓடோமீட்டர் சுமார் 2 சதவீதம் குறைத்துக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலால் மைலேஜ் குறைவது நிஜம். எத்தனால் கலக்காத இ0-க்கு வடிவமைத்து, 10 சதவீதம் கலந்த இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6–7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதாவது 16 தந்த வண்டி 15 தரும். 12 ஆக விழுந்தால் குற்றவாளி பெட்ரோல் இல்லை. பழைய ரப்பர் ஃப்யூயல் ஹோஸ்களை மட்டும் சர்வீஸில் விரிசலுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவிடி (படிப்படியான கியர் இல்லாத) ஆட்டோமேட்டிக் என்றால் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைத்தே எதிர்பாருங்கள். புறப்படும்போது உதறினால் முதலில் ஹோண்டா சிவிடி ஆயிலை மாற்றிப் பார்க்கலாம். அதன் பிறகும் உதறல் நிற்காத வண்டியை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.