குடி, போதை குறித்த ஆங்கிலச் சொற்கள்: எஸ்பெராண்டோ வழி ஆன்கி அட்டைகளுடன் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவைப் பேசுபவர்களுக்காகக் குடி, போதை, மீள்வு ஆகியவற்றைப் பற்றிய ஆங்கிலச் சொற்களை ஆன்கி செயலியில் அட்டைகளாகத் தொகுத்து, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தபடி சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பிரேசிலிலும் ஹங்கேரியிலும் உள்ள எஸ்பெராண்டோ நண்பர்கள் சிலர், தத்தம் ஊர்களில் குடிநோயாளிகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்பவர்கள். ஆங்கிலக் கையேடுகளைப் படிக்கவும், இணையவழியில் நடக்கும் ஆங்கிலக் கூட்டங்களில் பேசப்படுவதைப் புரிந்துகொள்ளவும் அவர்கள் விரும்பினார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இத்தகைய தமிழ்க் குடும்பங்களோடு நெருங்கிப் பழகுவதாலும், எங்களுக்குப் பொதுவான மொழி எஸ்பெராண்டோவாக இருப்பதாலும் அந்தப் பணி என்னிடம் வந்தது. பொது ஆங்கிலப் பாடம் நடத்த இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகிர்வு பயன்படாது. குடிநோயைப் பற்றிக் கவனத்தோடு பேச வேண்டியவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் வெளிவந்த ஆன்கி, ஒரு சொல் மறந்துபோகும் தறுவாயில் அதை மீண்டும் நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம். ஐபோனுக்குப் பணம் கட்ட வேண்டும். அட்டைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலே படிக்கலாம் என்பது, மின்வெட்டு நேரங்களில் இங்கே எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. எட்டு முறை தவறவிட்ட அட்டையைச் செயலி தானாகவே அடையாளமிடும், நாம் அமைத்துக்கொண்டால் ஒதுக்கியும் வைக்கும். அப்படி ஒதுங்கிய அட்டைகளை நான் நீக்குவதில்லை. எந்தச் சொல் படிப்பவரைத் தொடர்ந்து திணறடிக்கிறது என்பதை அவைதான் காட்டுகின்றன.

அப்படித் திணறடித்தவற்றில் முதலிடம் மிக எளிய வினைச்சொல் ஒன்றுக்கு. எஸ்பெராண்டோவில் தண்ணீரோ தேநீரோ பருகுவது ட்ரின்கி, மதுவை மிதமிஞ்சிக் குடிப்பது ட்ரின்கி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், முன்னது t எழுத்திலும் (trinki) பின்னது d எழுத்திலும் (drinki) தொடங்குகின்றன. ஆங்கிலமோ இரண்டுக்கும் ட்ரிங்க் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வேறுபாட்டைச் சூழலிடம் விட்டுவிடுகிறது. "நீங்கள் குடிப்பீர்களா?" என்று தமிழில் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது நமக்கு உடனே விளங்குவதைப் போலவே, ஆங்கிலத்திலும் "டூ யூ ட்ரிங்க்?" என்பது மதுவைப் பற்றிய கேள்வி. ஆனால் அதில் குற்றச்சாட்டு இல்லை. எஸ்பெராண்டோ வழியாக வருபவரோ அதை d எழுத்து வினையாக எடுத்துக்கொண்டு, மருத்துவர் தம்மைக் குடிகாரர் என்கிறார் என எண்ணிவிடக்கூடும். ஆகவே இந்தச் சொல்லுக்குத் தனிச்சொல் அட்டையே கூடாது, முழு வாக்கியம் மட்டுமே வேண்டும் என்று முடிவெடுத்தேன். பிறகு படிப்படியாகத் தொகுப்பு முழுவதையும் வாக்கியங்களாக மாற்றினேன்.

சோபர் என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டியிருந்தது. எஸ்பெராண்டோவின் சோப்ரா, உண்பதிலும் பருகுவதிலும் அளவோடு இருப்பவரையும் குறிக்கும். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில் ஒருவர் தாம் மூன்று ஆண்டுகளாகச் சோபர் என்று சொன்னால், ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை என்றே பொருள். அளவோடு குடிக்கிறார் என்று கேட்பவர் புரிந்துகொண்டால் உரையாடலே தலைகீழாகிவிடும். 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் தொடங்கிய அந்த அமைப்பின் பேச்சுமுறை இன்று உலகின் பல மூலைகளிலும் கேட்கிறது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பின்தொடர முடியாது. அங்கே ஸ்லிப் என்றால் வழுக்கி விழுவது அன்று, குடியை விட்டவர் ஒருமுறை தடுமாறிக் குடித்துவிடுவது. ரிலாப்ஸ் என்பது பெரும்பாலும் பழைய பழக்கத்துக்கே முழுதாகத் திரும்பிவிடுவது. கூட்டத்தில் ஒருவர் இவற்றுள் எதைத் தேர்ந்து சொல்கிறார் என்பதில் அவருடைய அச்சமும் நம்பிக்கையும் தெரியும். இந்த இரண்டு அட்டைகளும் தொகுப்பில் நான் மிகவும் மதிப்பவை.

எஸ்பெராண்டோவின் பெரிய பலம் அதன் ஒட்டுகள். வினையடியோடு உலோ என்பதைச் சேர்த்தால் அந்த இயல்புடைய மனிதர், ஏயோ என்பதைச் சேர்த்தால் அதற்கான இடம். குடிகாரர், குடிக்கும் இடம், போதை மருந்தில் வீழ்ந்தவர் என்று நொடியில் சொற்களை உருவாக்கலாம். ஆனால் இந்தத் துறையில் அந்த வசதியே எனக்குக் கவலை தந்தது. ஆங்கில மருத்துவ மொழி மனிதரையும் நோயையும் பிரித்துச் சொல்லும் திசையில் நகர்ந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 நூல், அப்யூஸ் (தவறான பயன்பாடு), டிபெண்டன்ஸ் (சார்ந்திருத்தல்) என்ற பழைய இரு பிரிவுகளையும் நீக்கி, ஆல்கஹால் யூஸ் டிஸார்டர் (மதுப் பயன்பாட்டுக் கோளாறு) என்ற ஒரே பெயரின்கீழ் 11 அளவுகோல்களை வைத்தது. பன்னிரண்டு மாதங்களுக்குள் அவற்றுள் இரண்டேனும் பொருந்தினால் நோய் உண்டு. இரண்டு மூன்று என்றால் இலேசானது, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. இதைச் சொல்லும் அட்டைகளின் எஸ்பெராண்டோப் பக்கத்தில் உலோ ஒட்டைத் தவிர்த்து, நோயுள்ள மனிதர் என்று விரித்தே எழுதியிருக்கிறேன். நீளம் கூடினாலும், தன் மகனைப் பற்றிப் பேசும் தாய்க்கு அந்த நீளம் தேவை என்பது என் உறுதியான கருத்து.

உயிருக்கே தொடர்புடைய சொல் வித்ட்ராயல். தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எனத் தொடங்கி, சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரை போகலாம். அந்தக் கடைசி நிலையான டெலிரியம் ட்ரெமென்ஸ் உயிரைப் பறிக்கவும் கூடும். தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கோடு மது விற்பனையும் தடைசெய்யப்பட்டு ஜூன் 1 வரை நீடித்தபோது, எங்கள் பகுதி வீடுகளில் இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது. பழக்கத்தைத் திடீரென முழுதாக நிறுத்துவதைக் குறிக்கும் கோல்ட் டர்க்கி என்ற மரபுத்தொடரை ஏதோ வீரச் செயல்போல அறிமுகப்படுத்தும், பிறர் உருவாக்கிவைத்த ஆயத்தத் தொகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். என் அட்டையில் அந்தத் தொடருக்குக் கீழேயே, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கடுங்குடியைத் திடீரென நிறுத்தக் கூடாது என்ற வாக்கியமும் இருக்கிறது. சொல்லைக் கற்பவர் எச்சரிக்கையையும் சேர்த்தே கற்க வேண்டும்.

உள்ளூர்ச் சொற்களை ஆயத்தத் தொகுப்புகளில் தேடிப் பயனில்லை. குடித்த மறுநாள் காலைத் தலைவலியை இங்கே பபலாஸ் என்கிறோம். சூலு மொழி தந்த சொல். உரிமமின்றி மது விற்கும் வீடு ஷெபீன். அது அயர்லாந்திலிருந்து வந்தது. ஆஃப்ரிகான்ஸ் மொழியின் டாப் என்ற சொல் ஒரு மடக்கு மதுவைக் குறித்தாலும், மேற்குக் கேப் மாகாணத் திராட்சைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்த கொடிய முறைக்கும் அதுவே பெயர். சட்டம் அதைத் தடைசெய்த பின்பும் அதன் விளைவுகள் தலைமுறை கடந்து நிற்கின்றன. கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமான இடங்களுள் அந்தப் பகுதியும் ஒன்று. சாட்ஸ்வொர்த்தில் சுகர்ஸ் என்றால் சர்க்கரை அன்று, ஹெராயின் கலந்த மலிவான போதைப்பொருள். இந்த அட்டைகளுக்குக் கணினிக் குரல் ஒத்துவரவில்லை. பபலாஸ் என்பதை அது உச்சரித்த விதம் இங்கே எவருக்கும் புரியாது. அண்டை வீட்டார் குரலில் பதிவுசெய்து சேர்த்த பிறகே அவை உயிர்பெற்றன.

அளவுச் சொற்களில் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதுப் பழக்கத்தை அளக்கும், பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் வினாத்தாள், குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை ட்ரிங்க் என்று கேட்கிறது. அந்த ஒன்று என்பது பிரிட்டனின் யூனிட் கணக்கில் 8 கிராம் தூய ஆல்கஹால், அமெரிக்கக் கணக்கில் 14 கிராம். ஆகவே எண்ணைச் சொல்லும் ஒவ்வோர் அட்டையிலும் நாட்டின் பெயரைச் சேர்த்து வருகிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள், செயலி முன்கூட்டியே வைத்திருக்கும் நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்ற அளவை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கனமான சொற்கள் இவை. வீட்டிலேயே குடிநோயோடு வாழ்பவர்கள் இரவில் தூங்கப்போகும் முன் இவற்றைப் படிக்க வேண்டாம். என் நண்பர்கள் பகல் நேரத்துக்கு மாறிய பிறகுதான் இடைவிடாமல் தொடர முடிந்தது.