தலைமுடிக்கு டீத்தண்ணீர்: சேலம் போர்வெல் தண்ணீரோடு என் அனுபவம்

சேலத்தில் போர்வெல்லை நம்பி இருக்கும் வீடுகளில் குளியலறைக் குழாயைப் பார்த்தாலே போதும், முனையில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்க, சமைக்க என்று பிடித்து வைப்பதோடு சரி. தலைக்கு ஊற்றிக்கொள்வது இந்த உப்புத் தண்ணீரில்தான். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காய்ந்ததும் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்து நிற்கும், சீப்பு இறங்காது. அதற்காகத்தான் சில வருடங்களாக வாரம் ஒரு முறை டீத்தண்ணீரில் அலசி வருகிறேன்.

அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் டீத்தூள். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் வாங்கும் சாதாரண டஸ்ட் டீயே நன்றாகச் சாயம் இறங்கும், விலை உயர்ந்த தூள் தேவையில்லை. பால், சர்க்கரை சேர்க்காமல் கொதிக்க வைத்து, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். டீ வடிகட்டியில் மட்டும் வடித்தால் தூள் தலைக்குள் சிக்கிக்கொள்ளும்.

எந்தத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறோம் என்பது முக்கியம். போர்வெல் தண்ணீரில் போட்ட டிகாஷனை ஆற விட்டால் மேலே பழுப்பாக ஏடு படியும். தண்ணீரில் உள்ள கால்சியமும் டீயின் சத்தும் சேர்ந்து உண்டாவது அது. மேட்டூர்த் தண்ணீரில் அந்த ஏடு அவ்வளவாக வருவதில்லை. அதனால் டிகாஷனுக்கும் கடைசி அலசலுக்கும் ஒரு குடம் மேட்டூர்த் தண்ணீரை எடுத்து வைத்துவிடுவேன்.

எண்ணெய் தேய்த்து, அரப்பு போட்டு அலசிய பிறகு, டிகாஷனை வேரிலிருந்து நுனி வரை மெதுவாக ஊற்றி, கால் மணி நேரம் விட்டு அலசுகிறேன். பலன் அன்றைக்கே தெரியும். முடி வழுவழுப்பாக இருக்கும், வெயிலில் மினுங்கும், சிக்கு எடுக்க மல்லுக்கட்ட வேண்டாம். டீ லேசான அமிலம் என்பதால் முடி இழையின் மேற்புறத்து நுண்ணிய செதில்கள் படிந்து கொடுக்கின்றன. டீயின் துவர்ப்புச் சத்தான டானின் முடியில் ஒட்டிக்கொள்வதால் காதோரத்து நரை கொஞ்சம் பழுப்பாகத் தெரியும். அடுத்தடுத்த குளியலில் அது வெளுத்துவிடும். நரையை மூடும் சாயமாக இதை நினைக்கவே வேண்டாம்.

முடி கொட்டுவது இதனால் நிற்கவில்லை. டீயில் உள்ள காஃபின் முடியை வளர்க்கும் என்று சொல்வார்கள், கால் மணி நேரம் ஊற்றி அலசுவதில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. கொத்துக் கொத்தாகக் கொட்டினால் முதலில் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார், "ஏன் அண்ணி, இங்க காப்பி விளையறப்போ டீ எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிதான் சேர்வராயன் மலையின் பயிர். அவள் வீட்டில் காப்பி டிகாஷனிலும் அலசிப் பார்த்தேன். நிறம் நன்றாகப் பிடித்தது, ஆனால் டீ தரும் வழுவழுப்பு இல்லை, வாசனையும் மறுநாள் வரை போகவில்லை. காப்பிதான் வேண்டும் என்றால் சிக்கரி கலக்காத தூளாகப் பாருங்கள், கலந்தது பிசுபிசுக்கும். மலைக்குளிரில் எதை ஊற்றினாலும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. வாரம் இரண்டு முறை செய்தால் முடி வறண்டு நுனி பிளக்கிறது. வெள்ளைத் துண்டில் கறை பட்டால் போகாது, இதற்கென்று பழைய துண்டு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சிய டிகாஷனைப் பாட்டிலில் சேர்த்து வைக்க வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும்; அன்றைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். தலையில் புண்ணோ அரிப்போ இருந்தால் அது ஆறும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம்.